மஹய்யாவயிலிருந்து தமிழ்நாட்டுக்கு: உறவு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மஹய்யாவயில் ஒரு காலத்தில் "அவங்க இந்தியாவுக்குப் போறாங்க" என்றால் இனித் திரும்பி வரமாட்டார்கள் என்றுதான் பொருள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் 975,000 பேரின் தலைவிதி பங்கிடப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போனவர்கள் கோச்சியில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனார்கள். அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கும் அதுவே தலைப்பு. எங்கள் வீட்டில் பெரியம்மா போனார், அம்மா நின்றார்.

இப்போது அதே சொல்லுக்குப் பொருள் வேறு. முப்பது நாள் வீசா, ஒரு பயணப் பை, ஒரு பொதி தேயிலை, திரும்பும் பயணச்சீட்டு. வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைக்குச் சேலை எடுக்கவும், மதுரைக்கு வைத்தியம் பார்க்கவும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லக் கண்டி நகரில் பயண முகவர்கள் நிறையப் பேர் உண்டு. உறவைத் தேடிப் போகிறவருக்குத்தான் சொல்ல ஆளில்லை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள அத்தையை, திருச்சிப் பக்கத்து முகாமில் இருக்கும் மாமன் பிள்ளைகளை, தாத்தாவின் பெயரோடு எழுதிவைத்த ஓர் ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை.

இந்தப் பயணத்தில் பெரிய ஆபத்து மொழி என்பேன். மொழி தெரியாததால் அல்ல, தெரிந்திருப்பதால். கண்டி பஸ் நிலையத்தில் சிங்களப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகியவர் திருச்சி பஸ் நிலையத்தில் இறங்கினால் எல்லாப் பலகையும் தமிழில் இருக்கும், பொலிஸ்காரர் தமிழில் அதட்டுவார், தேநீர்க் கடைக்காரர் 'அண்ணே' என்பார். இரண்டே நாளில் நாம் வெளிநாட்டில் இருக்கிறோம் என்பது மறந்துவிடும். சட்டத்தின் முன் நீங்கள் அங்கே வெளிநாட்டவர். ஜேர்மனியில் இருந்து வந்தவருக்கு என்ன சட்டமோ அதுவே உங்களுக்கும்.

பெயரில் தொடங்குங்கள்

பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தொடங்குகிறது. நம் ஆட்களில் பலருக்கு மூன்று பத்திரத்தில் மூன்று பெயர். பிறப்புப் பதிவில் சிங்களத்தில் எழுதிய பெயர் ஒன்று. பாடசாலையில் ஆசிரியர் திருத்திய பெயர் இன்னொன்று. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் எழுத்து மாறிய பெயர் மூன்றாவது. வள்ளியம்மா வல்லியம்மா ஆவார். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் நிற்கும். உள்ளூரில் இதை வைத்துக்கொண்டு ஓர் ஆயுளைக் கழித்துவிடலாம். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் எல்லாம் ஒன்றாக வந்து வழிமறிக்கும்.

எனவே பயணத்துக்குக் குறைந்தது நான்கைந்து மாதத்துக்கு முன்பே வீட்டில் உள்ள எல்லாப் பத்திரங்களையும் ஒரு பாயில் விரித்து வைத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை என்றால் கங்கவட்ட கோறளை பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் பிறந்தது வேறு பிரிவில் என்றால் அந்தப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கிறது என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்வது சில இடங்களில் போதும், சில இடங்களில் போதாது. திருத்திய பத்திரமே மேல். அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் படிவம் தந்தால் தயங்காமல் தமிழில் கேளுங்கள். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழில் அலுவல் நடத்தவும், பதிவுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. உரிமை இருப்பதும் கருமபீடத்தில் தமிழ் தெரிந்தவர் இருப்பதும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

முகவரி பற்றியும் ஒரு சொல். கண்டியில் பலருக்கு மஹய்யாவ என்றதும் நினைவுக்கு வருவது மயானம், அடுத்தது குப்பை வண்டி. நகரைச் சுத்தம் செய்யப் பிரித்தானியர் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருப்பதால் இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிறவர்கள் இன்றும் உண்டு. அதனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியை எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் கடவுச்சீட்டுக்கும் வீசாவுக்கும் அப்படி எழுதாதீர்கள். அடையாள அட்டையில் உள்ள முகவரியும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் படிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்திய வீசா அதிகாரிக்கு மஹய்யாவயும் கொள்ளுப்பிட்டியும் ஒன்றுதான்.

மாநகர சபையில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் வெளிநாட்டு விடுமுறைக்கு எழுத்து மூல அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். 'ஊருக்குப் போகிறேன்' என்று சாதாரண லீவு எழுதிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது விளக்கம் கேட்டுக் கடிதம் காத்திருக்கும்.

வீசாப் படிவத்தில் ஒரு கேள்வி

இந்திய வீசாவுக்கு இரண்டு வழி. இணையம் மூலம் பெறும் இ-வீசா ஒன்று. கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் வழமையான வீசா மற்றது. இ-வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போது தளத்தின் முகவரி 'ஜிஓவி டொட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் பல மடங்கு பணம் பறிக்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. முப்பது நாள் சுற்றுலா இ-வீசாவை அங்கே போய் நீடிக்க முடியாது. சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் விமான நிலையங்களில் அது செல்லும். கப்பலில் போக நினைப்பவர்கள், தங்களிடம் உள்ள வீசா அந்தத் துறைமுகத்தில் ஏற்கப்படுமா என்பதைச் சீட்டு வாங்குமுன் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கண்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் ராஜபிஹில்ல மாவத்தையிலேயே இருக்கிறது. அது இங்கே வந்ததற்கே காரணம் நம் மூதாதையர்தான். தோட்டத் தொழிலாளரின் நலனைக் கவனிக்கப் பிரித்தானியர் காலத்தில் இந்திய அரசின் முகவர் கண்டியில்தான் இருந்தார். சந்தேகம் என்றால் அங்கேயே விசாரிக்கலாம், கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

படிவத்தில் உங்கள் பெயருக்குப் பிறகு தாய், தந்தையின் பெயர், பிறந்த இடம், தேசியம் கேட்பார்கள். அதற்குக் கீழே 'முன்னைய தேசியம்' என்றொரு கட்டம் இருக்கும். மற்றவர்கள் ஒரு நொடியில் தாண்டிப் போகும் இந்தக் கட்டத்தில் நம் ஆட்களின் பேனை நின்றுவிடுகிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான ஒருவருக்கு முன்னைய தேசியம் எது? அம்மாவுக்காக நான் இந்தப் படிவத்தை நிரப்பியபோது, தாத்தாவின் வரியில் 'இந்தியன்' என்று எழுதினால் என்ன என்று அம்மா கேட்டார். எழுதக் கூடாது. அவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்திருந்தால் மட்டுமே அது உண்மை. அப்படி இருந்தவர்களும் உண்டு. கடவுச்சீட்டு எடுத்துவிட்டு, 1984 இல் கப்பல் நின்றுபோனதால் இங்கேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டம்தான் எஞ்சியிருந்த பலருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையைத் தந்தது. உங்கள் வீட்டில் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் அதன் பிரதியோடு போய், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கருமபீடத்தில் கேட்டு எழுதுங்கள். மூலப் பிரதியைப் பயணத்தில் கொண்டு போகாதீர்கள். தொலைந்தால் பேரப்பிள்ளைக்கும் சேர்த்துத் தொலைந்தது.

பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் பிரஜைகளா என்றும் ஒரு கேள்வி வரும். எல்லோரிடமும் கேட்பதுதான், பதறத் தேவையில்லை. இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எழுதுங்கள். திடீரென்று யாரோ விசாரித்தால் அவர்கள் பயந்து "தெரியாது" என்று சொல்லிவிடக் கூடும். வைத்தியத்துக்குப் போகிறவர்கள் சுற்றுலா வீசாவில் போகாமல் மருத்துவ வீசாவே எடுக்க வேண்டும்.

2025 ஒக்டோபர் முதல் இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டவர் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. தங்கும் முகவரி அதில் கேட்கப்படும் என்பதால் 'கூடலூர், பெரியம்மா வீடு' என்று போகாமல் கதவிலக்கம், தெரு, அஞ்சல் குறியீடு வரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியும் பொதியும்

கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம்தான். கண்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேருவதற்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். மழைக்காலத்தில் கடுகண்ணாவையில் மண் சரிந்து வீதி மூடப்படுவது புதிதல்ல. அந்த மாதங்களில் முதல் நாளே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் யார் வீட்டிலாவது தங்குவது நல்லது. நீலகிரிக்குப் போகிறவர்கள் சென்னையை விடத் திருச்சியில் இறங்கினால் தூரம் குறையும். ஏ9 வீதி கண்டியிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், யாழ்ப்பாணத்தில் உறவுள்ளவர்கள் பலாலியிலிருந்து விமானத்திலோ காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலிலோ போவதையும் யோசிக்கலாம். 2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தக் கப்பல் சேவை காலநிலையைப் பொறுத்து நிற்பதும் ஓடுவதுமாக இருக்கிறது. நாள் குறித்த காரியத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள். இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்தினர் பறிமுதல் செய்தது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 இல் சொன்னது. நீதி கிடைத்தது, ஒரு வருடத்துக்கு மேலான பிறகு. கலியாணத்துக்குப் போகும் பெண்களுக்கு இது கசப்பான ஆலோசனைதான். மெல்லிய சங்கிலி, தாலி, தோடு போதும். மற்றது இரவல் வாங்கிக்கொள்ளலாம், அல்லது கவரிங்.

பணத்தில் இன்னொரு கவனம். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும் பழைய இந்திய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பரிலேயே செல்லாமல் போய்விட்டன. 2000 ரூபாய் நோட்டை 2023 இல் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தேநீர்க் கடை வரை எல்லோரும் கைத்தொலைபேசியில் கியூஆர் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். நமக்கு அது எளிதில் வாய்க்காது. எனவே 10, 20, 50 ரூபாய்ச் சில்லறை நோட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ரூபாய் ஒன்று நம் ரூபாயில் மூன்றரை அளவில் வரும். முதல் இரண்டு நாளும் எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்து வயிறெரிவீர்கள், பிறகு விட்டுவிடுவீர்கள்.

தொலைபேசி மின்னேற்றியின் தடித்த மூன்று சதுரக் கால்கள் அங்குள்ள வட்டத் துளைகளில் போகாது, மாற்றி ஒன்று தேவை. மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை. நாள்தோறும் குடிக்கும் மருந்தை வைத்தியரின் துண்டோடு கொண்டு போங்கள். நீலகிரிக்குக் கம்பளி உடுப்பு அவசியம், நுவரெலியாக் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் விற்கும் பிளாஸ்டிக் போத்தலுக்குத் தடை இருக்கிறது. வாகனம் பிடித்துப் போவதென்றால் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரச பஸ்ஸில் போனால் வேண்டாம். தமிழ்நாட்டு நகரப் பஸ்களில் பெண்களுக்குப் பயணச்சீட்டுக் காசு இல்லை. அடையாள அட்டை எதுவும் கேட்பதுமில்லை. எங்கள் அம்மா அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தியா நல்ல நாடு என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தங்கும் இடம்

உறவினர் வீட்டில் தங்கினாலும், வெளிநாட்டவர் தங்குகிறார் என்பதை 24 மணித்தியாலத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு வீட்டுக்காரர் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நீண்ட காலமாக இதைச் 'சி படிவம்' என்று அழைத்தார்கள். இணையத்திலேயே செய்யலாம். பல வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "நம்ம பிள்ளைதானே, எதுக்குப் பதிவு?" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் செய்யச் சொல்லுங்கள். பின்னர் ஏதும் விசாரணை வந்தால் மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்தான்.

சில விடுதிகளில் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்பார்கள். அந்த நேரத்தில் கூட வந்த மச்சான் தன் ஆதார் அட்டையை நீட்டி, "என் பேர்ல போட்டுக்கலாம்" என்பார். வேண்டாம். அடுத்த விடுதிக்குப் போங்கள். அதேபோல உறவினர் பெயரில் வாங்கிய சிம் அட்டையைப் பாவிக்காமல், உங்கள் கடவுச்சீட்டையும் வீசாவையும் காட்டி விமான நிலையத்திலேயே ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் எடுத்துத் தருகிறேன், குடும்ப அட்டையில் பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அப்படி எடுத்துப் பிடிபட்டவர்கள் வழக்கு முடியும்வரை ஊர் திரும்ப முடியாது. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் உள்ள சிறப்பு முகாமில் இலங்கையர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

வீசா முடியும் திகதியை விட ஐந்து நாளாவது முன்னதாகத் திரும்பும் சீட்டைப் போடுங்கள். சாவு, காய்ச்சல், புயல் எதுவும் நம்மைக் கேட்டு வருவதில்லை.

போனில் என்ன இருக்கிறது என்பதையும் போகுமுன் ஒருமுறை பாருங்கள். விடுதலைப் புலிகள் அமைப்புக்கு இந்தியாவில் 1992 இல் விதிக்கப்பட்ட தடை 2024 மே மாதம் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. அங்கே மேடையில் பேசுகிறவர்கள் பேசுவார்கள், சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் ஒட்டுவார்கள். அவர்கள் இந்தியப் பிரஜைகள். நீங்கள் வீசாவில் போனவர். இறந்துபோன தம்பியின் படத்தைக்கூட எங்கே வைத்திருப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உறவு வீட்டில்

போவதற்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வீட்டில் நாம் போகாமல் விட்ட சாவு ஏதும் உண்டா? உண்டென்றால் உங்கள் முதல் வருகை துக்கம் விசாரிப்பதாகத்தான் கருதப்படும். எட்டு வருடத்துக்கு முன் நடந்திருந்தாலும் அப்படித்தான். செவ்வாய், வெள்ளி பார்க்கிற வீடுகள் உண்டு, நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியம்மா வீட்டு வாசலில் நாங்கள் இனிப்புப் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றோம். பெரியப்பா போய் மூன்று வருடமாகியிருந்தது. பெரியம்மா அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அது இரவுவரை என் மடியிலேயே இருந்தது.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது: "ஏன் போனீங்க?" யார் போவது, யார் நிற்பது என்பதை அந்தக் குடும்பங்கள் ஆறுதலாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு எழுதினார், தம்பி இலங்கைக்கு எழுதினார். சில வீட்டில் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. போனவர்களில் சிலர் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்துதான் பறித்தார்கள். சிலரை அந்தமானுக்கும் கர்நாடகத்தின் இரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். கொடைக்கானல் பக்கம் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. இங்கே நின்றவர்கள் 1977 ஐயும் 1983 ஐயும் பார்த்தார்கள். யாருக்கு நட்டம் அதிகம் என்று பேசத் தொடங்கினால் அந்த இரவு நன்றாக முடியாது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாம் நாள் சொல்வார்கள்.

நீங்கள் சொல்லும் எதுவும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2022 இல் எரிபொருள் வரிசையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நாம் பட்டினியில் இருப்பதாக நினைத்திருப்பார்கள். நீங்கள் நல்ல சட்டை போட்டுப் போனால் அவர்களுக்குக் குழப்பம். பணம் கொடுப்பதென்றால் பெரியவர்களின் கையில், புறப்படும்போது, தனியாக. பொதியில் தேயிலை கட்டாயம் இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்தில் வாழ்கிறவருக்குத் தேயிலையா என்று நான் கேட்டேன். "அது இந்தத் தூள் இல்லடா" என்றார் பெரியம்மா. சித்தாலேபக் குப்பிக்கு அங்கே இன்னும் மவுசு இருக்கிறது.

பேச்சில் நம் மலையகத் தமிழ் அவர்களுக்கு அந்நியமாகப் படாது, யாழ்ப்பாணத்தாருக்கு உள்ள சிரமம் நமக்கு இல்லை. ஆனாலும் கடையில் பாண் கேட்டால் முழிப்பார்கள், 'பிரெட்' என்று கேளுங்கள். சவர்க்காரம் சோப்பு. தோடம்பழம் ஆரஞ்சு. போத்தல் பாட்டில். பிளேன்டீ கேட்டால் கிடைக்காது. டீ என்றாலே பாலோடுதான் வரும், 'பிளாக் டீ' என்று சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டும். இலைச் சாப்பாடு முடிந்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில். கோயிலுக்குப் போகும்போது கைத்தொலைபேசியை வெளியே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 2022 டிசம்பரில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பல கோயில்களில் இது கட்டாயம்.

"சிலோனா? யாழ்ப்பாணமா?" என்று ஆட்டோக்காரர் கேட்பார். கண்டி என்றால், அங்கே தமிழர் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்படுவார். அடுத்து போர் பற்றிக் கேட்பார். எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். 'குடும்பத்தைப் பார்க்க வந்தேன்' என்று சொல்லிப் பேச்சை மாற்றுவதில் தவறு எதுவுமில்லை.

முகாமில் இருப்பவர்களைப் பார்க்க

1977 க்கும் 1983 க்கும் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறி, அங்கிருந்து போரில் படகேறியவர்கள் பலர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021 முதல் அவற்றின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. வெளியாட்கள், அதிலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுள்ளவர்கள், நினைத்தவுடன் உள்ளே போய்வர முடியாது. உங்கள் உறவினர் முகாம் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொல்கிறபடி அனுமதி பெறட்டும். இரவு தங்க முயலாதீர்கள். கியூ பிரிவுப் பொலிஸார் விசாரித்தால் கடவுச்சீட்டைக் காட்டி உள்ளதைச் சொல்லுங்கள். அனுமதி சிக்கல் என்றால் பக்கத்து ஊர்க் கோயிலிலோ சாப்பாட்டுக் கடையிலோ சந்திப்பது இரு தரப்புக்கும் நிம்மதி.

2025 செப்டெம்பரில் இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 ஆம் திகதிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகள், கடவுச்சீட்டோ வீசாவோ இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்பது அதன் சாரம். இதைக் கேள்விப்பட்டு, "இனி இலங்கைக்காரருக்கு வீசா பார்க்க மாட்டாங்களாம்" என்று இங்கே ஒரு கதை உலாவியது. அது அவர்களுக்கு மட்டும். இன்று வீசாவில் போகும் உங்களுக்கு அதில் பங்கில்லை.

முகாம் வீட்டைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். ஒரே அறையில் இரண்டு குடும்பம் இருப்பதை உலகம் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரியில் தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லாமல் படித்துக்கொண்டிருக்கக் கூடும். மஹய்யாவ முகவரியை மறைக்கும் பிள்ளைகளை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தாத்தாவின் ஊர்

சிலரிடம் பழைய பத்திரத்தில் 'திருச்சி ஜில்லா' என்றோ 'சேலம் ஜில்லா' என்றோ எழுதிய ஊர் இருக்கும். அதை நம்பி அந்த மாவட்டத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். சேலத்தில் இருந்த இராசிபுரம் 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில். திருச்சியிலிருந்து கரூரும் பெரம்பலூரும் 1995 இல் பிரிந்தன. தென் ஆற்காடு 1993 இல் கடலூர், விழுப்புரம் என்றானது. எனவே மாவட்டத்தை விட்டுவிட்டுத் தாலுகாவின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஊரில் இறங்கியதும் கிராம நிர்வாக அலுவலரை, அதாவது அவர்களுடைய கிராம உத்தியோகத்தரைக் கேட்பது நல்லது. தாத்தாவின் பெயரோடு குலதெய்வத்தின் பெயரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆட்கள் இடம் மாறிப் போயிருப்பார்கள், குலதெய்வம் அங்கேயேதான் இருக்கும்.

அங்கே ஒரு கேள்வி வரும். "எந்த ஊரு?" என்பது முதல் கேள்வி. "அங்க எந்தத் தெரு?" என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வி சாதியைக் கேட்கிறது. நகர சுத்திகரிப்புக்காக இங்கே கொண்டுவரப்பட்டவர்களில் அருந்ததியரும் மற்றத் தலித் சாதியினரும் அதிகம், வீட்டில் தெலுங்கு பேசியவர்களும் அதில் இருந்தார்கள். எனவே உங்கள் தாத்தாவின் வீடு ஊருக்குள் இராது. ஊருக்கு வெளியே 'காலனி' என்று சொல்லும் பகுதியில் இருக்கும். வழி கேட்ட கடையில் அதுவரை இருந்த சிரிப்பு சட்டென்று மறையலாம். கண்டியில் முகவரியைச் சொல்லும்போது மறையும் அதே சிரிப்புத்தான். இளம் பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால் இதை முன்பே சொல்லி வையுங்கள். 'நம்ம ஊர்' என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்தத் தெருமுனையில் நின்று முதன்முறையாக இதைத் தெரிந்துகொள்வது நல்லதல்ல. அதே காலனியில் சட்டம் படித்த பெண்ணையும் ஊராட்சி உறுப்பினரையும் சந்திக்கக் கூடும் என்பதையும் சொல்லுங்கள். அருந்ததியருக்குத் தமிழ்நாடு 2009 இல் கொடுத்த மூன்று வீத உள் ஒதுக்கீட்டில் படித்து வந்தவர்கள் இப்போது வேலைகளில் இருக்கிறார்கள். காலனியில் தேநீர் தருவார்கள். குடித்துவிட்டுப் புறப்படுங்கள், பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தாலும்.

திரும்பும்போது பலர் தாத்தாவின் ஊர் மண்ணைக் கொஞ்சம் துணியில் முடிந்து வருகிறார்கள். இலங்கைக்குள் அனுமதிப் பத்திரம் இல்லாமல் மண்ணும் செடியும் விதையும் கொண்டுவரத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. கட்டுநாயக்கவில் எடுத்து எறிந்துவிட்டால் மனம் தாங்காது. குலதெய்வக் கோயில் விபூதி என்றால் கொண்டு வரலாம். எங்கள் அம்மா அப்படித்தான் ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். மஹய்யாவ வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால், பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருக்கும் அதே தகரப் பெட்டியில் அது இருக்கிறது.